தொடக்கக் கோட்டில் ஒரு தேங்காய்

தேங்காய்த் தண்ணீரும் சூடான ரப்பரும் கலந்தால் ஒரு வாசனை வரும். அதை முகர்ந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் முகர்ந்திருக்கிறேன். அடிப்பிடித்த பாயசம் மாதிரி இருக்கும், ஆனால் சாப்பிடத் தோன்றாது.

திருவனந்தபுரத்தில் வேளி பக்கம், மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் உள்சாலை அது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, மேகமூட்டம், கடல் காற்று. காங்கிரீட் போட்ட நேர்ச் சாலையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஒரே மாடல். இடது பக்கம் வெள்ளைக் காரில் நான். வலது பக்கம் மெரூன் காரில் செல்வின். தாமஸ் சார் கையைத் தூக்கிக் கீழே இறக்கினால் இரண்டு பேரும் பாய வேண்டும்.

ஆனால் என் காரின் மூக்குக்கு முன்னால், புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் தேங்காயோடு என் மாமியார் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, வேண்டாம்மா. எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டுமே. தேங்கா உடைக்காம ஆராவது புது வண்டி எடுப்பாளா? நம்மாத்துல அப்படி வழக்கமில்லை, கேட்டயா."

கார் எங்களுடையது இல்லை. கிளப்பில் ஒருவரிடம் இரவல் வாங்கியது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தேங்காய் என் இடது முன்சக்கரத்தை ஒட்டிச் சிதறிவிட்டது. மாமியார் திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டு ஓரமாகப் போனாள்.

தாமஸ் சாரின் கை இறங்கியது. நான் ஆக்சிலரேட்டரை மிதித்துக் கிளட்சை விட்டேன். எஞ்சின் அலறியது. கார் நின்ற இடத்திலேயே நடுங்கியது. இடது சக்கரத்திலிருந்து புகையும், மேலே சொன்ன வாசனையும் வந்தன. நான் நகர ஆரம்பித்தபோது செல்வினின் பின்விளக்குகள் பட்டாணி அளவுக்குச் சிறுத்துவிட்டன.

முதல் சுற்று அவனுக்கு.

எனக்கு அது வேண்டும்

கதையை நடுவில் தொடங்கிவிட்டேன். கொஞ்சம் பின்னால் போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. நான் கல்யாணமாகி வலியசாலை அக்ரகாரத்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வங்கியில் வேலை. என் கணவர் மணிக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வேர்க்கும். ஆகவே வீட்டுக்கு ஆஸ்தான டிரைவர் நான்தான். ரயில் நிலையத்துக்கு விருந்தாளிகளைக் கொண்டுபோய் விடுவேன், ஆஸ்பத்திரிக்கு மாமனாரைக் கூட்டிப் போவேன், பழவங்காடிப் பிள்ளையாரிடம் மாமியாரை அழைத்துப் போவேன். எல்லாம் இரண்டாவது கியரில் நடக்கும் வாழ்க்கை.

அக்ரகாரத் தெருவில் காலையில் கார் எடுப்பது தனி வித்தை. வாசலுக்கு வாசல் கோலம் இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் யார் கோலத்தின் மேலும் டயர் படக்கூடாது என்பது மாமியாரின் சட்டம். கிளட்சைப் பாதி விட்டு, பாதி பிடித்து, எறும்பு மாதிரி ஊர்ந்து தெருமுனைக்கு வருவேன். என் இடது கால் அங்கேதான் பழகியது. மற்றவர்கள் மைதானத்தில் கற்றதை நான் மாக்கோலங்களுக்கு நடுவில் கற்றேன்.

வங்கிக்கு வரும் வாடிக்கையாளர் தாமஸ் சார். ஒரு சின்ன மோட்டார் கிளப்பின் செயலாளர். நான் கார் நிறுத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒருநாள், "மேடம், கிளப்புக்கு வரணும் கேட்டோ. டைம் நோட் பண்ண ஆள் வேணும்," என்றார். பெண்களுக்கு அங்கே கிடைக்கும் உச்ச பதவி அதுதான், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். போனேன். சில மாதங்கள் மற்றவர்கள் ஓட்டியதற்கு நேரம் பார்த்தேன். பிறகு ஒருநாள் நானே ஓட்டிக் காட்டினேன். அதன்பின் ஸ்டாப்வாட்சை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பந்தயத் தளத்தில் ஓட்ட எங்கள் கிளப்புக்கு ஒரே ஒரு இடம் கிடைத்தது. அதற்கு இரண்டு பேர் தகுதி, நானும் செல்வினும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த இடம் அவ்வளவு வேண்டியிருந்தது. அதற்காகச் சாமியிடம்கூட வேண்டிக்கொண்டேன், ஆனால் வீட்டில் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம், எதிரில் மாடோ கோலமோ மாமாவோ வராத ஒரு சாலையில், கால் முழுக்க அழுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

வீட்டில் சொல்லாதது மாமியாருக்கு எப்படித் தெரிந்தது? மணிக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவள் தடுப்பாள் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தாறு வேலையை விட்டுவிட்டு, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, "நானும் வரேன்," என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பைக்குள் இரண்டு தேங்காய் இருந்தது எனக்குத் தெரியாது.

நின்று கிளம்புவதும் ஓடிக் கிளம்புவதும்

கோயம்புத்தூரில் பந்தயம் இரண்டு விதமாகத் தொடங்கும் என்று தாமஸ் சார் சொல்லியிருந்தார். ஒன்றில் எல்லாக் கார்களும் கோட்டில் நின்று, சைகை கிடைத்ததும் கிளம்பும். மற்றதில் முன்னால் ஒரு கார் வழிநடத்த, எல்லாரும் மிதமான வேகத்தில் பின்னால் வந்து, அந்தக் கார் ஒதுங்கி சைகை கிடைத்ததும் பாய வேண்டும். ஆகவே எங்களுக்கும் இரண்டு விதத்திலும் சோதனை. இரண்டாவது சுற்றில் பக்கம் மாற வேண்டும். சமமாக முடிந்தால் மூன்றாவது சுற்று.

செல்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் கார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தான். நல்ல ஓட்டுநர். தான் நல்ல ஓட்டுநர் என்பது அவனுக்கும் நன்றாகத் தெரியும். ஆள் என்னைப் போல ஒன்றரை மடங்கு இருப்பான்.

முதல் சுற்று முடிந்து திரும்பி வந்ததும் என் ஜன்னலில் குனிந்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கிளட்ச் விடுத பக்குவம் ஒங்களுக்கு இன்னும் வரணும், கேட்டியளா. இது கோயிலுக்குப் போற வண்டி இல்ல பாத்துக்கிடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. என் கிளட்சில் குறை சொல்ல வலியசாலையில் ஒரு கோலத்துக்குக்கூட வாய் கிடையாது. ஆனால் கார் நகரவில்லை என்பதை எல்லாரும் பார்த்தார்களே. கோபத்தை மீறி ஒரு கேள்வி குடைந்தது. எஞ்சின் அவ்வளவு வேலை செய்தது, அந்த வேலையெல்லாம் எங்கே போயிற்று?

கூட வந்திருந்த மணியும் அதையே கேட்டார். "கத்தின கத்தலுக்கு நீ ஆற்றிங்கல் தாண்டியிருக்கணுமே?"

பொன்முடி பஸ்

இங்கே ஒரு பழைய பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் அலுவலகத் தோழிகளோடு பொன்முடி மலைக்குப் போயிருந்தேன். திரும்புவதற்கு இருந்தது ஒரே பஸ். அது மேலே வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், பாதி வழி இறங்கி நடந்து, ஏறி வரும் பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டோம். பஸ்ஸில் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள், அரிசி மூட்டைகள். மழை பிடித்துக்கொண்டது.

ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே ஜீப் வந்ததால் பஸ் நின்றது. மறுபடி கிளப்பினால் பின்சக்கரம் சேற்றுத் தண்ணீரில் சும்மா சுற்றியது. டிரைவர் இன்னும் மிதித்தார். இன்னும் சுற்றியது. கண்டக்டர் அலட்டிக்கொள்ளாமல், "எல்லாரும் கொஞ்சம் புறகோட்டு போங்க, மூட்டையும் எடுத்துக்கோங்க," என்றார். நாங்கள் மூட்டை முடிச்சோடு பின்பக்கம் போய் நெருக்கி நின்றோம். டிரைவர் இப்போது மிதிக்கவில்லை. எஞ்சின் முணுமுணுப்பதுபோலத்தான் கேட்டது. பஸ் மெல்ல, யாரையும் குலுக்காமல் மேலே ஏறிவிட்டது.

அந்த முணுமுணுப்பு ஏனோ என் காதிலேயே தங்கிவிட்டது. அதிகம் மிதித்தபோது போகாதது, குறைவாக மிதித்தபோது போயிற்று. எனக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில்தான் பாடம். வேகம் கூடுவதற்கு த்வரணம் என்று பெயர். தமிழில் முடுக்கம் என்பது பின்னால்தான் தெரிந்தது. செல்வின் கடையில் அதற்குப் பெயர் பிக்கப். மூன்று பெயர் தெரிந்தும் அந்த பஸ் ஏன் ஏறியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதே தேங்காய், அதே டயர்

இரண்டாவது சுற்று, ஓடிக் கிளம்புவது. பக்கம் மாறினோம். நான் வலது பக்கம், செல்வின் இடது பக்கம். சாலையின் கோடியிலிருந்து தாமஸ் சார் தன் காரில் முன்னால் போனார். நாங்கள் இருவரும் ஒன்றாக அவர் பின்னால்.

அந்த வேகத்துக்குச் செல்வின் சௌகரியமாக மூன்றாவது கியரில் வந்தான். எனக்கு இரண்டாவது கியரில் வந்துதான் பழக்கம், முன்பே சொன்னேனே. என் எஞ்சின் உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டு வந்தது. செல்வின் என்னைப் பார்த்துச் சிரித்தான். கியர் மாற்றத் தெரியவில்லை என்று நினைத்திருப்பான்.

தாமஸ் சார் ஒதுங்கினார், ஜன்னல் வழியே நீட்டிய கையை இறக்கினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிதித்தோம். செல்வினின் எஞ்சின் தூக்கம் கலைந்து எழுந்து வருவதற்குள் என்னுடையது ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டும் ஒரே எஞ்சின்தான். ஆனால் சைகை விழுந்த நொடியில் எது சரியான கியரில் சுழன்றுகொண்டிருந்தது என்பதில்தான் விஷயம். செல்வினின் கார் கூடுதலாக அரை ஆளைச் சுமந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு கார் நீளத்துக்கு மேல் முன்னால் முடித்தேன்.

அதைவிட முக்கியமான ஒன்றை நான் ஓரக்கண்ணால் பார்த்திருந்தேன். செல்வினின் கார் போகிற போக்கில் தொடக்கக் கோட்டைத் தாண்டியது. என்னை நடுங்க வைத்த அதே ஈரத்தின் மேல், அதே பக்கத்துச் சக்கரம் ஏறிப் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. வழுக்கவில்லை, புகையவில்லை.

காரைத் திருப்பிக்கொண்டு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. காரை நகர்த்துவது எஞ்சின் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எஞ்சின் சக்கரத்தைத்தான் சுற்றும். சக்கரம் சாலையைப் பின்னால் தள்ள, சாலை பதிலுக்குக் காரை முன்னால் தள்ள வேண்டும். சாலை எவ்வளவு பிடி கொடுக்கிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். முதல் கியரில் நின்று கிளம்பும்போதுதான் சக்கரம் அந்தப் பிடியைக் கடைசிச் சொட்டு வரை கேட்கிறது. போதாததற்கு, பாயும்போது காரின் எடை பின்பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் கார்களில் இழுப்பதோ முன்சக்கரம். ஒரு சக்கரம் வழுக்கினால் பலமெல்லாம் அந்த ஒன்றின் வழியாகவே ஓடிவிடும், மற்றது சும்மா இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் கார் சாலையிடம் அவ்வளவு கேட்பதில்லை. அதற்குப் பிடி மிச்சம் இருக்கிறது. அங்கே எஞ்சினின் பலம் எவ்வளவு, எடை எவ்வளவு, எந்தக் கியர் என்பதுதான் கணக்கு. பொன்முடி பஸ் அன்றைக்கே எனக்கு இதைக் காட்டிவிட்டது. நான்தான் ஜன்னல் வழியே மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூவா தலையா

ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது சுற்று நின்று கிளம்புவது என்று தாமஸ் சார் அறிவித்தார். எந்தப் பக்கம் யாருக்கு என்று நாணயம் சுண்டினார்கள். செல்வின் ஜெயித்தான்.

"இடது பக்கம்," என்றான். "அங்க ரோடு பள்ளமில்லாம கெடக்கு."

நான் கோட்டைத் திரும்பிப் பார்த்தேன். இடது பக்கக் கோட்டில் தேங்காய்த் தண்ணீர் இன்னும் காயவில்லை. வெயில் வரவே இல்லை. போதாததற்கு என் டயர் துருவித் தள்ளிய தேங்காய் வேறு காங்கிரீட்டில் அப்பிக் கிடந்தது. செல்வின் அதில் நின்று மிதித்தால் எனக்கு நடந்ததுதான் அவனுக்கும். கோயம்புத்தூர் எனக்கு.

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அப்படி ஜெயித்தால் என் கிளட்சைப் பற்றிய பேச்சு அப்படியே நிற்குமே. இறங்கிப் போனேன்.

"செல்வின், அந்த எடத்துல ஈரம் இருக்கு. எனக்கு வழுக்கினது அதனாலதான். வேணும்னா கோட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளிக்கலாம், நான் சார்கிட்ட சொல்றேன்."

அவன் சிரித்தான். "இப்பந்தான அது மேல ஏறிப் போனேன் அக்கா? ஒண்ணும் ஆவல்லியே. என்னைய பயம் காட்டாதீங்க."

"அது ஓடற வண்டி. இது நிக்கற வண்டி."

"எல்லாம் ஒரே வண்டிதான். எனக்க கால் பாத்துக்கிடும்."

அதற்கு மேல் நான் என்ன செய்ய? காரில் ஏறி உட்கார்ந்தேன். அப்போது துணிப்பையோடு மாமியார் வலது பக்கம், என் காருக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் இரண்டாவது தேங்காய்.

"மொதல் தேங்கா சரியா செதறலை. அதனாலதான் வண்டி நின்னுடுத்து. இதை நான் நன்னா ஓங்கி உடைக்கறேன் பாரு."

கையை நீட்டித் தடுக்கப் போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவனுக்கு ஈரம், எனக்கு உலர்ந்த சாலை என்று இருந்தால் அது என்ன பந்தயம்? இரண்டு பேருக்கும் ஈரம் என்றால் சரிதான். உடைக்கட்டும்.

உடைத்தாள். உண்மையிலேயே நன்றாகச் சிதறியது. தண்ணீர் என் முன்சக்கரம் வரை வந்தது.

"ரெடியல்லே ரெண்டு பேரும்?" என்றார் தாமஸ் சார்.

கியரை இரண்டாவதில் போட்டேன். முதல் கியரைத் தொடவே இல்லை. காலைத் தூக்கி எஞ்சினை முணுமுணுக்க விட்டேன். எதிரில் ஒரு பெரிய மாக்கோலம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

கை இறங்கியது. செல்வினின் கார் அலறியது. நான் கிளட்சைப் பாதி விட்டு, பாதி பிடித்து, தெருவில் ஊர்வதுபோலத் தேங்காய்த் துண்டுகளைத் தாண்டினேன். உலர்ந்த காங்கிரீட் டயருக்குக் கீழே வந்ததைக் காலால் உணர முடிந்தது. அப்புறம்தான் மிதித்தேன். கண்ணாடியில் ஒரு வெண்புகை தெரிந்தது, அதற்குள் மெரூன் நிறம்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தது அவசரம். இரண்டாவது கியரில் கிளம்பிய என் கார் சோம்பி எழுந்தது. புகையை விட்டு வெளியே வந்த செல்வின் முதல் கியரின் முழு இழுப்போடு வந்தான். பக்கக் கண்ணாடியில் அவன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் எஞ்சின் பாடத் தொடங்கியதும் அவன் வளர்வது நின்றது. அதற்கப்புறம் இரண்டு பேரும் ஓடுகிற வண்டிகள், யாரும் யாரையும் நெருங்க முடியவில்லை. அவன் பானெட் என் கதவருகே இருக்க, முடிவுக் கோட்டைத் தாண்டினேன்.

நிறுத்தியதும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். யாரும் வருவதற்குள் துடைத்துக்கொண்டேன்.

செல்வின் இறங்கித் தன் டயரைத் தொட்டுப் பார்த்தான், விரலை முகர்ந்தான். "நீங்க சொன்னது உள்ளதுதான் அக்கா," என்று கை கொடுத்தான். கிளட்சைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

மாமியாருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "ரெண்டாவது தேங்காயாக்கும் காரியத்தை நடத்தித்து," என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். மறுக்கலாம் என்று பார்த்தால், யோசிக்க யோசிக்க அவள் சொன்னதில் தப்பு எதுவும் அகப்படவில்லை. அந்த ஈரம் இல்லாவிட்டால் ஜெயித்தது என் கிளட்ச் என்று சொல்லியிருக்க முடியாதே.

டிக்கியில் ஒரு பை

அன்று மத்தியானம் மணி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பாடமே நடத்திவிட்டார். தரையில் ரசத்தைச் சிந்தி, அதன் மேல் டம்ளரை வைத்துத் தள்ளிக் காட்டி, பிடி என்றால் என்ன, வழுக்கல் என்றால் என்ன என்று விளக்கினார். முதல் தேங்காயால்தான் நான் தோற்றேன் என்பதையும் போட்டு உடைத்தார். மாமியார் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். சிந்திய ரசத்தைத் துடைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். மனசு நொந்திருப்பாளோ என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. நல்லது நினைத்துத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்.

கோயம்புத்தூருக்குக் கிளம்பிய காலையில் பெட்டி வைக்க டிக்கியைத் திறந்தேன். அதே துணிப்பை. உள்ளே நார் உரித்த தேங்காய் ஒன்று. வாசலில் மாமியார் கோல மாவுக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"அங்க உடைக்காம எடுக்கப்படாது," என்றாள். "ஆனா இந்தத் தடவை சக்கரத்துக்குப் பின்னால உடைச்சுக்கோ."

"பின்னாலயா? பரவாயில்லையாம்மா?"

"பிள்ளையாருக்கு முன்னால பின்னாலன்னு ஒண்ணும் கெடையாதுடி. டயருக்குத்தானே உண்டு."